சின்னப்பிள்ளையும் களஞ்சியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கிளையில் மகளிர் குழுக் கடன் மேசையைப் பல ஆண்டுகள் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பள்ளிகளிலும் குழுக் கூட்டங்களிலும் மதுரைச் சின்னப்பிள்ளையைப் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. சிலது வியப்பு, சிலது சந்தேகம், சிலது குத்தல். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சின்னப்பிள்ளை யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மதுரை மாவட்டத்தில் அழகர்கோவில் பக்கம் இருக்கும் பில்லுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் போனதில்லை. சிறு வயதிலேயே தாயை இழந்தவர், சிறு வயதிலேயே கல்யாணமும் ஆயிற்று. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்.

1990-ஐ ஒட்டி அந்தப் பகுதியில் தொடங்கிய களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுவில் சேர்ந்தார். தன் ஊர்க் குழுவில் ஆரம்பித்து, பல ஊர்க் குழுக்களின் கூட்டமைப்புக்கும் பின்னர் களஞ்சிய இயக்கத்துக்கும் தலைமை ஏற்றார். மத்திய அரசின் ஸ்திரீ சக்தி விருது 2001-இல் கையில் கிடைத்தது. தமிழக அரசின் அவ்வையார் விருது 2018-இல், பத்மஸ்ரீ 2019-இல்.

வாஜ்பாய் அவர் காலில் விழுந்தார் என்கிறார்களே, உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மை. 2001 ஜனவரியில் டெல்லியில் நடந்த விருது விழாவில், பிரதமராக இருந்த அடல் பிஹாரி வாஜ்பாய் குனிந்து சின்னப்பிள்ளையின் பாதத்தைத் தொட்டு வணங்கினார். புகைப்படம் நாடு முழுவதும் நாளிதழ்களில் வந்தது. வாஜ்பாய்க்கு அப்போது வயது 76. முந்தைய அக்டோபரில்தான் ஒரு முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அந்தக் காலோடு, தன்னைவிட வயதில் இளையவரான ஒரு கூலித் தொழிலாளியின் முன் குனிந்தார் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தப் படத்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிரதமரின் பணிவைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். அந்தம்மா என்ன செய்தார் என்று கேட்டால் 'ஏதோ மகளிர் குழு' என்பார்கள். அந்த 'ஏதோ'வுக்காகத்தான் இந்தப் பக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படித் தலைவர் ஆனார்? யாராவது பயிற்சி கொடுத்தார்களா?

பயிற்சி பிறகு வந்தது. தலைமை அதற்கு முன்பே வயலில் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் விவசாயக் கூலிப் பெண்கள் கொத்தாகத்தான் வேலைக்குப் போவார்கள். நிலக்காரர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருக்க மாட்டார். கொத்துக்குத் தலைவியாக இருக்கும் பெண்ணிடம் 'நாளைக்கு மேலவயலில் நடவு, இத்தனை பேர் வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போவார். சின்னப்பிள்ளை அப்படிப்பட்ட கொத்துத் தலைவி.

வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். வயலைக் கண்ணால் அளந்து எத்தனை பேருக்கு எத்தனை பொழுது வேலை என்று சொல்ல வேண்டும். கூலியை நிலக்காரரிடம் பேசி முடிக்க வேண்டும்; குறைவாகப் பேசினால் கூட வரும் பெண்கள் திட்டுவார்கள், அதிகமாகக் கேட்டால் வேலை அடுத்த கொத்துக்குப் போய்விடும். நேற்று வேலை கிடைக்காதவளை இன்று சேர்க்க வேண்டும். சாயங்காலம் கிடைத்த பணத்தை, இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, சண்டை வராமல் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு வங்கி மேலாளர் செய்வதில் பாதி இதில் இருக்கிறது. பேரம், நம்பகம், பங்கீடு, யாருக்கு இப்போது அவசரம் என்ற கணிப்பு. ஆகவே அவர் திடீரென்று எழுந்து நின்ற அற்புதப் பெண் இல்லை. ஏற்கெனவே பழுத்திருந்த திறமைக்கு ஒரு நோட்டும் ஒரு பணப்பெட்டியும் கிடைத்தன என்பதுதான் என் கணக்கு.

களஞ்சியம் என்பது அரசாங்கத் திட்டமா?

இல்லை. பிரதான் என்ற தொண்டு நிறுவனத்தின் வேலையாக மதுரைப் பகுதியில் தொடங்கியது. பின்னர் 1997-இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தானம் அறக்கட்டளை அதைத் தொடர்ந்து நடத்தியது. இரண்டிலும் முன்னின்றவர் வாசிமலை, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்துவிட்டுக் கிராமத்து வேலைக்கு வந்தவர். சின்னப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது இவரைப் போன்றவர்களை விட்டுவிடுவது சரியில்லை. தனி ஒரு பெண் தன் மன உறுதியால் மட்டும் சாதித்தார் என்பது கேட்க நன்றாக இருக்கும், நடந்தது அப்படி இல்லை.

நீங்கள் வழக்கமாகக் கேள்விப்படும் சுய உதவிக் குழுக்கள் மாநில அரசின் மகளிர் திட்டத்தின் கீழ் வருபவை. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் 500 குழுக்களை வைத்து வங்கி இணைப்பை, அதாவது குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கும் ஏற்பாட்டை, சோதனையாகத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்குக் 'குழு' என்ற சொல்லே அறிமுகமானது.

கூட்டத்தில் அப்படி என்னதான் நடக்கும்?

வெளியே இருந்து பார்த்தால் பத்துப் பதினைந்து பெண்கள் சாவடியிலோ யார் வீட்டுத் திண்ணையிலோ பாய் விரித்து உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். உள்ளே ஒரு ஒழுங்கு உண்டு. வருகைப் பதிவு. பிறகு ஒவ்வொருவராகச் சேமிப்பையும் கடன் தவணையையும் எல்லோர் முன்னாலும் பாயில் வைப்பார்கள். ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் திரும்ப எண்ணுவார், மூன்றாமவர் நோட்டில் எழுதி உரக்கப் படிப்பார். அதே தொகை அவரவர் சேமிப்புப் புத்தகத்திலும் ஏறும்.

அதன் பிறகுதான் சுவாரசியமான பகுதி: சேர்ந்த பணத்தை யாருக்குக் கடனாகக் கொடுப்பது. ஒருத்திக்கு மகளின் சடங்கு, இன்னொருத்திக்கு ஆடு வாங்க, மூன்றாமவளுக்கு மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவு. இருப்பதோ ஒருவருக்குப் போதுமான பணம். அரை மணி நேரம் சத்தம் போடுவார்கள். ஆஸ்பத்திரிக்குத்தான் பெரும்பாலும் முதலிடம் கிடைக்கும். தீர்மானம் எழுதி, கையெழுத்துத் தெரியாதவர்கள் மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்திப் பதித்து, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு எழுவார்கள்.

மாதம் 20 ரூபாய் சேர்த்து யார் முன்னேற முடியும்?

தனியாகச் சேர்த்தால் யாராலும் முடியாது. 20 பெண்கள் 20 ரூபாய் போட்டால் மாதம் 400, ஆண்டுக்கு 4,800. கையில் ஒன்றுமில்லாத வீட்டுக்கு, ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்ற கேள்விக்கு அந்த 400 ரூபாய் ஒரு பதில். நிலக்காரரிடம் முன்பணம் வாங்கியவள் கூலியைப் பற்றிப் பேச முடியாது. முன்பணம் வாங்காதவள் பேச முடியும். சேமிப்பின் முதல் பலன் அதுதான். ஆடு மாடு எல்லாம் அப்புறம்.

அதோடு, பெட்டியில் இருக்கும் பணம் வங்கிக்கு ஒரு சான்று. ஆறு மாதம் ஒழுங்காகக் கூட்டம் போட்டு, சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிய குழுவுக்கு வங்கி கடன் தரலாம். 20 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது.

குழுவும் வட்டி வாங்குகிறதே! கந்துவட்டிக்காரருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வட்டி வாங்குகிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. கணக்கைப் பார்ப்போம். 'நூற்றுக்குப் பத்து' என்று 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000 வட்டி. பத்து மாதத்தில் 10,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அசல் 10,000 அப்படியே நிற்கும். தினவசூல் கடனான தண்டலில் 10,000-க்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள்; தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு வருகிறது.

குழுவில் மாதம் 2 விழுக்காடு, பாக்கி அசலுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 வாங்கி மாதம் 1,000 அசல் கட்டினால் முதல் மாத வட்டி 200, அடுத்தது 180, இப்படிக் குறைந்து பத்து மாதத்தில் மொத்தம் 1,100. கடனும் தீர்ந்துவிடும்.

அந்த 1,100 எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். குழுவின் பொது நிதிக்கே திரும்புகிறது. கட்டியவளுக்கும் அதில் பங்கு உண்டு. கந்துவட்டிப் பணம் தெருவை விட்டு வெளியே போகிறது. தமிழ்நாட்டில் அதீத வட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு வேறு வழி இல்லாதவர் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

இதற்குப் பதில் சீட்டுப் போடலாமே?

தாராளமாகப் போடலாம். சீட்டில் முறை வரும்போது பணம் வரும். அவசரம் முறை பார்த்து வராது. ஏலச் சீட்டென்றால் அதிக அவசரக்காரர்தான் சீட்டுத் தொகையில் அதிகம் விட்டுக்கொடுத்து எடுப்பார். சீட்டு முடிந்தால் கூட்டமும் கலைந்துவிடும்.

படிக்கத் தெரியாதவர்களை நோட்டு எழுதுகிறவர் ஏமாற்ற மாட்டாரா?

ஏமாற்றிய இடங்கள் உண்டு. கணக்கெழுதும் பெண்ணோ குழுக்களை அமைத்து வழிகாட்டும் ஊக்குநரோ பணத்தைச் சுருட்டியதால் உடைந்த குழுக்களை எங்கள் கிளையிலேயே பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன கூட்ட நடைமுறையில் எல்லோர் முன்னாலும் எண்ணுவது, உரக்கப் படிப்பது எல்லாம் சடங்கு இல்லை, இதற்கான பூட்டு. படிப்பில்லாதவர்களுக்கு ஞாபகம் கூர்மை. எட்டு மாதத்துக்கு முன் யார் எத்தனை ரூபாய் குறைவாகக் கட்டினாள் என்று தேதியோடு சொல்லுவார்கள்.

களஞ்சியத்தில் இதற்கு மேலும் ஒரு அடுக்கு இருக்கிறது. ஊர்க் குழுக்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு, தொகுப்புகள் சேர்ந்து வட்டாரக் களஞ்சியம். குழுவின் கணக்கை வெளியிலிருந்து வேறு கண்கள் பார்க்கும். பணம் வேண்டாம், பெயர் வேண்டும் என்று வருகிற தலைவிகளையும் இந்த அடுக்கு ஓரளவு கட்டுப்படுத்தும்.

கண்மாய் மீன் விவகாரம் என்று ஏதோ சொல்கிறார்களே?

மதுரைச் சீமையில் கண்மாய் வற்றும் காலத்தில் மீன் பிடிக்கும் உரிமை ஏலத்துக்கு வரும். பண பலமும் ஆள் பலமும் உள்ளவர்கள் எடுப்பதுதான் வழக்கம். கண்மாயை நம்பி வயலில் உழைக்கிறவர்களுக்கு அதில் ஒரு கெண்டைக்குஞ்சும் கிடைக்காது. சின்னப்பிள்ளையும் களஞ்சியப் பெண்களும் தங்கள் ஊர்க் கண்மாயின் மீன் குத்தகையைத் தங்களுக்குக் கேட்டார்கள், போராடிப் பெற்றார்கள்.

வயலில் கூலி பேசியது, பெட்டியில் பணம் சேர்த்தது, அதிகாரிகளிடம் மனு கொடுத்துக் கண்மாயைக் கேட்டது என்று வரிசையாகப் பாருங்கள். ஒன்றில்லாமல் அடுத்தது வந்திருக்காது. ஏலத்துக்கு முன்பணம் வேண்டும், கூடவே நிற்க ஆட்கள் வேண்டும். குழு இரண்டையும் கொடுத்தது.

வீட்டு ஆண்கள் சும்மா இருந்தார்களா?

எந்த ஊரில் இருந்தார்கள்? கூட்டத்துக்குப் போகாதே என்பார்கள், கடன் கிடைத்ததும் கொண்டா என்பார்கள். சின்னப்பிள்ளை குடிக்கு எதிராகவும் பேசியவர், ஆகவே எதிர்ப்புக்குப் பஞ்சமில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குழுப் பணம் உதவிய வீட்டில் மட்டும் சத்தம் தானாக அடங்கிவிடும்.

ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் அவளைத் தெருவில் வைத்து அசிங்கப்படுத்துவார்கள். இதுவா உதவி?

நியாயமான கேள்வி, பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும் கேள்வியும்கூட. ஈட்டுக்கு நகை இல்லாத இடத்தில் மானம்தான் ஈடு. நல்ல குழுவில் கட்ட முடியாத காரணத்தைக் கேட்டு, தவணையைத் தள்ளிக் கொடுத்து, தேவைப்பட்டால் சேமிப்பிலிருந்து சரிக்கட்டுவார்கள். கெட்ட குழுவில் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்குவார்கள். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் குழுவின் சொந்தப் பணமாக இருந்தால் பொறுமை அதிகம். வெளியாள் பணமாக இருந்து, அவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் பொறுமை போய்விடும்.

அப்படியானால் வாரா வாரம் வசூலுக்கு வரும் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவும் இதுவும் ஒன்றுதானே? அதிலும் பெண்கள் குழு, கூட்டம், உறுதிமொழி எல்லாம் இருக்கிறது.

தோற்றம் ஒன்று, உள்ளே வேறு. அங்கே குழு என்பது நிறுவனம் தன் கடனுக்குப் பிணை தேடி அமைத்தது. கடன் முதலில் வரும். பொது நிதி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. வட்டி எங்கே போகிறது என்று மேலே கேட்ட கேள்வியை இங்கேயும் கேளுங்கள். போகும் இடம் நிறுவனத்தின் லாபக் கணக்கு. கடனை யாருக்குக் கொடுப்பது என்று அரை மணி நேரம் சண்டை போடும் உரிமையும் அந்தப் பெண்களுக்கு இல்லை.

2010-இல் ஆந்திரத்தில் ஒரே வீட்டில் மூன்று நான்கு நிறுவனங்களின் கடன் ஏறி, வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வர, அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2022-இல் ரிசர்வ் வங்கி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று விதி செய்தது. வசூல் அடாவடியைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே இயற்றியது. மைக்ரோ ஃபைனான்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சின்னப்பிள்ளையின் படத்தைப் போட்டு விற்காதீர்கள்.

குழு என்றால் ஒரே சாதிப் பெண்கள்தானே? இதில் என்ன ஒற்றுமை?

தெரு வாரியாகக் குழு அமைகிறது, நம் ஊரில் தெரு சாதி வாரியாக அமைந்திருக்கிறது. ஆகவே பல குழுக்கள் அப்படித்தான். தொகுப்பிலும் வட்டாரத்திலும்தான் பல தெருக்காரர்கள் ஒரே பாயில் உட்கார்கிறார்கள். அதுவும் லேசில் வந்துவிடவில்லை.

இவ்வளவு விருது வாங்கியவருக்கு ஏன் ஒழுங்கான வீடு இல்லை? குழுவால் அவருக்கே பலன் இல்லையா?

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் தருவதாகச் சொன்ன வீடு வரவில்லை என்று சின்னப்பிள்ளை 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு மார்ச் மாதம் தமிழக முதலமைச்சர் அவருக்குக் கூடுதல் நிலத்துக்குப் பட்டாவும் வீடும் வழங்க உத்தரவிட்டார். பத்மஸ்ரீ பட்டத்தோடு மாதாமாதம் பணம் வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது.

குழுவால் அவருக்கே பலன் இல்லையா என்பது குத்தலான கேள்வி என்று எனக்குத் தெரியும். குழுவின் தலைவி அதில் சம்பளக்காரி இல்லை; பொது நிதியிலிருந்து வீடு கட்டிக்கொண்டிருந்தால் இதே ஆட்கள் வேறு கேள்வி கேட்டிருப்பார்கள். எனக்கு உறுத்துவது வேறு. முதியோர் வயதில், நாடே அறிந்த ஒருவர், வீடு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது. பெயர் தெரியாத கொத்துப் பெண்களின் கோப்புகள் எப்படி நகரும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நாடெங்கும் இப்படிக் குழுக்கள் வந்தால் வறுமை ஒழிந்துவிடும் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. நிலம் இல்லாதவருக்குக் குழு நிலம் கொடுக்காது. மழை பொய்த்தால் கூலி வேலையும் கிடையாது, தவணையும் கட்ட முடியாது. குழுக் கடனில் வாங்கிய மாடு செத்துப்போன வீடுகள் உண்டு. வட்டிக்காரர் வாசலில் நிற்காமல் ஒரு நெருக்கடியைக் கடக்கவும், நாலு பேராகப் போய் ஒரு அலுவலகத்தில் பேசவும் குழு உதவும். கூலி உயர்வு, பள்ளி, ஆஸ்பத்திரி, பட்டா ஆகியவை அரசு செய்ய வேண்டிய வேலை. அதை இருபது ரூபாய் போடும் பெண்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

சரி, எங்கள் தெருவில் தொடங்க வேண்டுமென்றால் முதலில் என்ன செய்வது?

பன்னிரண்டு முதல் இருபது பேர். இருபதைத் தாண்டாதீர்கள். பக்கத்து பக்கத்து வீடுகளாக இருந்தால் நல்லது. கூட்டத்துக்கு ஒரு கிழமையும் நேரமும் குறித்து, அதை மாற்றாதீர்கள். சேமிப்புத் தொகையை உங்களில் குறைந்த வருமானம் உள்ளவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வசதியானவர் சொல்லும் தொகை ஆறாவது மாதம் குழுவை உடைக்கும். தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு, ஆளுக்கொரு சேமிப்புப் புத்தகம் போதும். தலைவியையும் பிரதிநிதிகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மகளிர் திட்ட அலுவலகம் இருக்கும், அங்கே பதிவுக்குக் கேளுங்கள். வங்கியில் கணக்கு தொடங்கத் தீர்மானத்தின் நகலோடு பிரதிநிதிகள் நேரில் போக வேண்டும். மாதக் கடைசியில் போகாதீர்கள், கூட்டமாக இருக்கும். குமாஸ்தா சிடுசிடுத்தால் பொறுத்துக்கொண்டு, மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.